பரணுக்கும் தரைக்கும் நடுவே

நவம்பர் நெருங்கினாலே இந்தப் பகுதிக்கு மான் வேட்டைக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவை எல்லாமே மரத்தின் மேல் உட்கார்ந்து வேட்டையாடுவதைப் பற்றியவை. ட்ரீ ஸ்டாண்ட் என்று இங்கே சொல்வதை நான் பரண் என்றே எழுதுகிறேன். தினைப்புனம் காத்தவர்கள் ஏறி உட்கார்ந்ததற்கும் அதே பெயர்தானே. விஸ்கான்சினில் பதினெட்டு வருடமாக வேட்டைக்குப் போகிறேன். அதில் ஒரு சீசன் முழுக்க ஊன்றுகோலோடு வீட்டில் இருந்தேன். அந்தக் கதை முதல் பதிலிலேயே வருகிறது.

கேள்வி: என் கணவர் மூன்று வருடமாக ஆபீஸ் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகிறார். இருபது அடி உயரத்தில் மரத்தோடு கட்டிய இருக்கையில் விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்துகொள்வாராம். "பெல்ட் போட்டுக்கிறேன், பயப்படாதே" என்கிறார். நான் வீணாகப் பயப்படுகிறேனா?
வாசகி, மினியாபொலிஸ்

பதில்: வீணாக இல்லை, சகோதரி. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அந்த பெல்ட்டை எப்போது மாட்டுகிறீர்கள்?" மேலே போய் உட்கார்ந்ததும் என்று சொன்னால், அவரும் நான் செய்ததையே செய்கிறார்.

எனக்கு அது ஏழாவது சீசன். அன்று சாயங்காலம் வரை ஒரு மானும் வரவில்லை. இருட்டத் தொடங்கியதும் கொக்கியைக் கழற்றினேன், திரும்பினேன், ஏணியின் மேல்படியில் இடது காலை வைத்தேன். படியில் கண்ணுக்குத் தெரியாத உறைபனி. பன்னிரண்டு அடிதான். குதிகால் எலும்பு நொறுங்கியது, மணிக்கட்டும் போயிற்று. போன் பையில் இருந்தது, பை மேலே பரணில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரரிடம் எந்த மரம் என்று காலையில் சொல்லியிருந்தேன். நேரமாகியும் என் கார் கிளம்பவில்லையே என்று அவர் டார்ச் எடுத்துக்கொண்டு வந்தார். சொல்லாமல் போயிருந்தால் அந்தக் குளிரில் விடியும்வரை கிடந்திருப்பேன்.

நான் உட்கார்ந்திருந்தது பத்து மணி நேரம். பத்து மணி நேரமும் கட்டப்பட்டிருந்தேன். விழுந்தது கட்டில்லாத அந்த அரை நிமிடத்தில். மரத்திலிருந்து விழுபவர்களில் பெரும்பாலானவர்களின் கதை இதுதான். ஏறும்போது, இறங்கும்போது, ஏணியிலிருந்து இருக்கைக்குக் கால் மாற்றும்போது. இருபது அடி என்பது ஆறு மீட்டர். அங்கிருந்து தரைக்கு வர ஒரு விநாடிக்குச் சற்று அதிகம்தான் ஆகும். மோதும் வேகம் மணிக்கு சுமார் 39 கிலோமீட்டர். எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்கிற நினைப்பே அதற்குள் வராது.

இதற்குத் தீர்வு லைஃப்லைன் என்கிற கயிறு. பரணுக்கு மேலே மரத்தில் கட்டி, அடிமரம் வரை தொங்கவிடுவார்கள். அதில் ஒரு சின்னக் கயிறு ப்ரூசிக் முடிச்சாகச் சுற்றியிருக்கும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் ப்ரூசிக் 1931-ல் அறிமுகப்படுத்திய முடிச்சு அது. கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், எடை விழுந்தால் கயிற்றை இறுகக் கவ்விக்கொள்ளும். தரையில் நின்றபடியே ஹார்னஸை, அதாவது உடம்பில் அணியும் பாதுகாப்புப் பட்டைகளை, அதில் மாட்டிவிட்டு, ஏற ஏற முடிச்சையும் மேலே தள்ளிக்கொண்டே போகலாம். இறங்கித் தரையைத் தொட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கயிற்றில் தொய்வே இருக்கக் கூடாது. இரண்டடி தொய்வு விட்டால் இரண்டடி விழுந்து, அப்புறம் வெடுக்கென்று நிற்பீர்கள். முதுகெலும்புக்கு அது நல்லதல்ல.

அப்புறம், அவர் "பெல்ட்" என்று சொல்வது நிஜமாகவே இடுப்பு பெல்ட்டா என்று பாருங்கள். இடுப்பிலோ மார்பிலோ மட்டும் சுற்றும் பட்டையில் தொங்கினால் அதுவே மூச்சை நிறுத்திவிடும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு ஹார்னஸ்தான் வேண்டும். சண்டை போடாமல் ஒரு லைஃப்லைனை வாங்கிப் பரிசாகக் கொடுத்துவிடுங்கள். மனைவி கொடுத்ததை மாட்டாமல் போகும் தைரியம் பல வேட்டைக்காரர்களுக்கு இல்லை.

கேள்வி: கராஜ் சேலில் மரத்தில் பட்டையால் கட்டும் ஒரு பழைய ஹேங்-ஆன் பரணும் ஹார்னஸும் சேர்த்து மலிவாகக் கிடைத்தன. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. பயன்படுத்தலாமா, அண்ணா?
வாசகர், கிராண்ட் ராபிட்ஸ், மிச்சிகன்

பதில்: ஹார்னஸைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போடுங்கள், தம்பி. வெட்டாமல் போட்டால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார். ஒரு முறை விழுந்தவரைத் தாங்கிய ஹார்னஸை மறுபடி நம்பக் கூடாது. அது யாரைத் தாங்கியது என்று கராஜ் சேலில் யார் சொல்லப்போகிறார்கள்? லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். ஐந்து வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள் என்று பல தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

பரண் வேறு விஷயம். வெல்டிங்கில் விரிசல் இல்லை, போல்ட் எல்லாம் இருக்கிறது, துரு மேலோட்டமாகத்தான் இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மரத்தோடு கட்டும் பட்டைகள் புதிதாக இருக்க வேண்டும். பட்டையை வெயில் தின்கிறது, அணில் கடிக்கிறது. வருடம் முழுக்க மரத்திலேயே விட்டுவைத்தால் மரமும் பருத்துக்கொண்டே போகும், பட்டை விறைத்து ஒரு நாள் அறுந்துவிடும். சீசன் முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். எடை வரம்பையும் பாருங்கள். பல பரண்களில் 300 பவுண்டு என்று இருக்கும், அதாவது 136 கிலோ. குளிர் உடுப்பு, பூட்ஸ், துப்பாக்கி, பை, ஃபிளாஸ்க் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

நீங்கள் மிச்சிகன்காரர் என்பதால் இன்னொன்று. ஆஷ் மரத்தில் கட்டாதீர்கள். மரகதப் பச்சையில் ஒரு சின்ன வண்டு, எமரால்டு ஆஷ் போரர், 2002-ல் அமெரிக்காவில் முதலில் உங்கள் மாநிலத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு மரப்பட்டைக்கு அடியில் குடைந்து மரத்தைக் கொன்றுவிடும். செத்த ஆஷ் மரம் நிமிர்ந்து நிற்கும், பார்த்தால் தெரியாது, ஆனால் சீக்கிரமே சட்டென்று முறியும்படி ஆகிவிடும். அக்டோபரில் இலை இல்லாத மரம் செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று சொல்வது கஷ்டம். கோடையிலேயே போய் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். நேராக, பச்சையாக, பட்டை உரியாத மரம்.

கேள்வி: துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே ஏறலாமா?
வாசகர், பிட்ஸ்பர்க்

பதில்: கூடாது. ஏணியில் எப்போதும் இரண்டு கையும் ஒரு காலும், அல்லது ஒரு கையும் இரண்டு காலும் பிடிப்பில் இருக்க வேண்டும். தோளில் வழுக்கும் துப்பாக்கி உங்கள் கையைக் கேட்கும். தோட்டாவை எடுத்துவிட்டு, ஆக்‌ஷனை (தோட்டா ஏற்றும் பகுதியை) திறந்துவைத்து, குழல்வாய் தரையைப் பார்க்கும்படி ஒரு கயிற்றில் கட்டிக் கீழே வையுங்கள். டிரிகர் பக்கம் கயிறு போகவே கூடாது. மேலே ஏறி ஹார்னஸோடு உட்கார்ந்த பிறகு இழுத்துக்கொள்ளலாம். வில்லுக்கும் இதே வழிதான். அம்பு முனைகள் மூடிய தூணியில் இருக்கட்டும். கயிறு தொங்கும் இடத்துக்கு நேர் கீழே எதையும் வைக்காதீர்கள், நீங்கள் விழும் இடமும் அதுதான்.

கேள்வி: ஹார்னஸ் தாங்கிவிட்டது, ஆனால் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். பிறகு என்ன?
வாசகர், செயின்ட் பால்

பதில்: இதைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள். மகிழ்ச்சி. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் தொடைப் பட்டைகள் இறுகி, ரத்தம் கால்களிலேயே தங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு மணிக்கணக்கு தேவையில்லை, சில நிமிடங்களே போதும். அதனால் உடனே காலை அசைக்க வேண்டும். மரத்தை உதையுங்கள், முழங்காலை மடக்குங்கள். ஹார்னஸோடு வரும் நிவாரணப் பட்டையை வளையமாக்கி, அதில் காலை வைத்து எழுந்து நின்றால் தொடை அழுத்தம் விடும். எட்டினால் ஏணிக்கோ பரணுக்கோ திரும்பிவிடுங்கள். முடியாவிட்டால் அவசர உதவிக்கு 911. இதனால்தான் போன் மார்புப் பையில் இருக்க வேண்டும் என்று நச்சரிக்கிறேன். ஒரு விசிலும் இருக்கட்டும்.

சீசனுக்கு முன் ஒரு நாள், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நண்பர் பக்கத்தில் நிற்க, ஹார்னஸில் தொங்கிப் பாருங்கள். எந்தப் பட்டை எங்கே கடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். என் மகள் அதை வீடியோ எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பினாள். பரவாயில்லை.

கேள்வி: வயது 64. முழங்கால் வலி. இன்னும் மரம் ஏற வேண்டுமா?
வாசகர், மில்வாக்கி

பதில்: வேண்டாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, தரையில் ஒரு கூடாரத்துக்குள் உட்காருங்கள். மோப்பத்தில்தான் மான் உங்களைப் பிடிக்கும். துப்பாக்கி சீசன் என்றால் நம் விஸ்கான்சின் விதிப்படி இடுப்புக்கு மேல் உடுப்பில் பாதியாவது பளீர் ஆரஞ்சு அல்லது பளீர் பிங்க் இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் இருக்கும்போது அது யாருக்குத் தெரியும்? அதனால் கூடாரத்தின் நாலு பக்கமும் ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். பிங்க்தான் வேண்டுமென்றால் அதுவும் சரி, 2016-லிருந்து அனுமதி உண்டு.