பிடி-எல்1 அதிகம் என்றால் நல்லதா, கெட்டதா?

கேள்வி: 62 வயதான என் அப்பாவுக்கு முற்றிய நிலையில் நுரையீரல் புற்றுநோய். பயாப்சி அறிக்கையில் ‘பிடி-எல்1: 60 சதவீதம்’ என்று வந்திருக்கிறது. உடலின் எதிர்ப்பு சக்தியைக் கொண்டே புற்றைத் தாக்கும் இம்யூனோதெரபிக்கு இது சாதகம் என்கிறார் டாக்டர். ஆனால் பிடி-எல்1 என்பதே எதிர்ப்புச் செல்களை முடக்கும் புரதம் என்று படித்தேன். அது அதிகமாக இருப்பது எப்படிச் சாதகமாகும்? எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் சூரணம் ஒன்றை உறவினர் தந்திருக்கிறார், அதையும் கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் படித்ததும் சரி, டாக்டர் சொன்னதும் சரி. கட்டித் துணுக்கை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றும்போது, பிடி-எல்1 உள்ள புற்றுச்செல்லின் விளிம்பில் பழுப்பு வளையம் தெரியும். நோயியல் நிபுணர் குறைந்தது நூறு புற்றுச்செல்களையாவது பார்த்து, வளையம் உள்ளவை எத்தனை என்று கணக்கிடுகிறார். அப்பாவுக்கு நூற்றுக்கு அறுபது.

அந்த வளையம் ஏன் வந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. புற்றுச்செல்லை அடையாளம் கண்ட டி செல் (எதிர்ப்பு மண்டலத்தின் ஒருவகை வெள்ளணு), இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளியிடுகிறது. அது புற்றுச்செல்லை எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்கு இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. மேலும் பல டி செல்களை அங்கே வரவழைக்கும் வேறு சமிக்ஞைகளையும் சுரக்க வைக்கிறது. ஆனால் அதே இன்டர்ஃபெரான்தான், சண்டை எல்லை மீறிச் சொந்தத் திசுவையே அழித்துவிடாதிருக்க உடல் வைத்திருக்கும் பிரேக்கான பிடி-எல்1-ஐயும் புற்றுச்செல்லின் மேற்பரப்பில் ஏற்றிவிடுகிறது. ஆகவே அதிக பிடி-எல்1 என்பது, டி செல்கள் உள்ளே வந்து போராடி, பிறகு தடுக்கப்பட்டதன் தடயமாக இருக்கலாம். தடுக்கப்பட்ட படை அங்கேயே நிற்கும்போதுதான் பிரேக்கை விடுவிக்கும் மருந்துக்கு வேலை இருக்கிறது. இத்தகைய பிரேக்குகளை விடுவித்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரலாம் என்று கண்டறிந்ததற்காகவே விஞ்ஞானிகள் ஜேம்ஸ் ஆலிசன், தாசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

‘இருக்கலாம்’ என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. டி செல்லே வராத கட்டியிலும், மரபணுக் கோளாறின் காரணமாக பிடி-எல்1 தானாக உயர்வதுண்டு. டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞை அதிகமுள்ள கட்டிகளில், நார்த்திசு வேலிபோல் வளர்ந்து டி செல்களை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. எனவே, மாற்றமடைந்தால் புற்றைத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுக்களின் சோதனை முடிவுகள் வந்துவிட்டனவா என்று முதலில் கேளுங்கள். அவற்றில் மாற்றம் இருந்தால், பிடி-எல்1 எவ்வளவு இருந்தாலும், அதற்கான மாத்திரைகளே முதல் சிகிச்சை. அவசரப்பட்டு இம்யூனோதெரபியை முதலில் கொடுத்து, பிறகு ஈஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி ஏற்படும் அபாயம் கூடுகிறது.

அந்த மாற்றங்கள் இல்லாமல், பிடி-எல்1 50 சதவீதத்துக்குக் குறையாதவர்களிடம் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கீமோதெரபியோடு ஒப்பிட்ட ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் சுமார் 32 சதவீதம்; கீமோ பிரிவில் 16. இரு மடங்குதான், ஆனாலும் பெரும்பான்மை அல்ல. குடும்பத்தார் இரண்டையும் தெரிந்துகொண்டே முடிவெடுப்பது நல்லது என்பது என் கருத்து.

சிகிச்சை தொடங்கியபின் புதிதாக மூச்சுத் திணறலோ, வழக்கத்தைவிடப் பல முறை வயிற்றுப்போக்கோ வந்தால், அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். விடுவிக்கப்பட்ட டி செல்கள் நுரையீரலையும் குடலையும்கூடத் தாக்கக்கூடும். சீக்கிரம் ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி சூரணம். பொத்தாம்பொதுவாக எதிர்ப்பு சக்தியைத் ‘தூண்டினால்’ என்ன ஆகும் என்பதை மருத்துவம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட அதிக அளவு இன்டர்லூக்கின்-2 (எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் சமிக்ஞைப் புரதம்) சிலருக்கு நோயை முற்றிலும் நீக்கியது. பலருக்கு ரத்தநாளங்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் சரிந்து, தீவிர சிகிச்சைக்கு நிகரான கண்காணிப்பு தேவைப்பட்டது. போதாததற்கு, டி செல்களை அடக்கிவைக்கும் செல்களையும் அது வளர்த்தது. சூரணத்தால் அந்த அளவு வீரியம் வராது என்றாலும், கல்லீரல் விஷயத்தில் எனக்குக் கவலை உண்டு. எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில்கொடி உட்கொண்டவர்களிடம் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிகிச்சையின் நடுவே கல்லீரல் என்சைம்கள் உயர்ந்தால், காரணம் இம்யூனோதெரபியா சூரணமா என்று தெரியாமல், பலன் தந்துகொண்டிருக்கும் மருந்தையே நிறுத்த நேரிடும். ஆகவே கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், பெயரை நினைவிலிருந்து சொல்லாமல், டப்பாவையே எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள்.