'நினைக்கத் தெரிந்த மனமே, உனக்கு மறக்கத் தெரியாதா' பாட்டில் அதைப் பாடும் பெண் உண்மையிலேயே மறக்கத்தான் நினைக்கிறாளா?

இல்லை என்றுதான் நான் சொல்வேன். காரணம் பாட்டின் கடைசி வரியில் இருக்கிறது.

1963இல் வந்த ஆனந்த ஜோதி படப் பாட்டு இது. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் பி. சுசீலா பாடியது. பாட்டு முழுக்க ஒரே அச்சுதான்: இது தெரிந்த உனக்கு அது தெரியாதா? முதலில் மனம், அப்புறம் உயிர், கண் என்று தன்னிடம் இருப்பவற்றிடமே முறையிடுகிறாள்.

இந்தப் பழக்கம் நமக்குப் பழையது. வள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்', அதாவது நெஞ்சோடு பேசுவது என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். காதலருக்கு அன்பில்லாதபோது நீ மட்டும் நொந்துகொள்வது பேதைமை என்று அதில் ஒருத்தி தன் நெஞ்சைக் கடிந்துகொள்கிறாள். கடியும்போதே 'வாழி' என்று வாழ்த்தவும் செய்கிறாள். இப்படித் திட்டுகிறவளுக்கு அந்த நெஞ்சு மாறிவிட வேண்டும் என்ற ஆசை இருக்குமா?

நடுவில் 'கொதிக்கத் தெரிந்த நிலவே' என்று ஒரு வரி. நிலவு எங்கே கொதிக்கும் என்று ஒரு நண்பர் கேட்டார். பிரிந்தவர்களை நிலவு சுடும் என்பது தமிழ்க் கவிதையில் காலகாலமாக வருவது. கண்ணதாசன் அதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

நிலவு, தென்றல், இறைவன் என்று எல்லோரிடமும் கேட்டு முடித்த பிறகுதான் 'தலைவா' என்று அவனைக் கூப்பிடுகிறாள். அகப்பாடல்களில் காதலனுக்குள்ள பெயரே தலைவன்தானே. அந்த இடத்தில் மட்டும் 'தெரியாதா' என்பது 'என்னைப் புரியாதா' என்று மாறிவிடுகிறது. அத்தனை பேரிடமும் சுற்றி வந்தது அவனிடம் இதைக் கேட்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மறக்க நினைக்கிறவள் அவனையே கூப்பிட்டுப் பாட்டை முடிக்க மாட்டாள்.

நானும் ஒரு பிரிவுக்குப் பிறகு, ராத்திரி பஸ்ஸில் இந்தப் பாட்டின் முதல் இரண்டு வரியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். மறந்தால் போதும் என்று இருந்தது அப்போது. பாட்டை முழுசாகக் கேட்டது ரொம்ப நாள் கழித்துத்தான். 'என்னைப் புரியாதா' என்று சுசீலாம்மா குரல் வந்ததும் அழுதுவிட்டேன். என்னைப் பிரிந்தவர் போனதைவிட, கடைசிவரை என்னைப் புரிந்துகொள்ளாமலே போனதுதான் அத்தனை நாளும் வலித்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.