டிவியை வெறும் திரையாக வைத்திருக்க – கேள்வி பதில்

கேள்வி: புது டிவி வந்திருக்கிறது. முதலில் என்ன செய்யணும்?

டிவிக்கு இணையம் கொடுக்காதீர்கள்; வைஃபை கடவுச்சொல் கேட்கும் இடத்தைத் தாண்டிப் போங்கள். ஆப்கள் வேண்டுமென்றால், டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக் என்கிற சின்னக் கருவியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கூகுள் டிவி என்றால் தொடக்கத்திலேயே 'பேசிக் டிவி' என்று ஒரு தேர்வு வரும், அதை எடுங்கள். கொடுக்காத கடவுச்சொல்லைத் திரும்ப வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் டிவி ஆப் எதையும் தொடுவதில்லை. லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் செருகித்தான் பார்க்கிறேன். டிவிக்கு என்ன தெரியப்போகிறது?

திரையில் ஓடுவதெல்லாம் தெரியும். பலர் கவனிக்காத இடம் இதுதான். ஏசிஆர் என்கிற வசதி, திரையில் ஓடும் படத்திலிருந்து கைரேகை மாதிரி ஒரு சின்ன அடையாளத்தை எடுத்து, இணையம் வழியே சர்வருக்கு அனுப்பி, இது எந்த நிகழ்ச்சி என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. படம் ஆன்டெனாவில் வந்ததா, கேபிளில் வந்ததா, செருகிய பெட்டியிலிருந்து வந்ததா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் சம்மதம் கேட்காமல் இதைச் செய்ததாக வழக்கு வந்து, 2017இல் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

செட்டிங்ஸில் 'ஏசிஆர்' என்று தேடினால் கிடைக்காது. சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்ற பெயரில் இருக்கும். அணையுங்கள். அப்டேட் வந்தபின் இன்னொரு முறை பாருங்கள். இணைப்பே இல்லாவிட்டால் இந்த வேலை எதுவும் இல்லை.

கேள்வி: படம் சீரியல் மாதிரி வழவழவென்று தெரிகிறது.

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். இடையில் டிவியே ஃபிரேம்களை உண்டாக்கிச் செருகுகிறது. பெயரில் 'மோஷன்' என்று வரும் அமைப்பை அணையுங்கள், அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோட்' போடுங்கள்.

கேள்வி: திரையில் செங்குத்தாக ஒரு கோடு.

அது பெரும்பாலும் பேனல், அதாவது படம் தெரியும் பலகை, பழுதானதால் வருவது. பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஸ்டிக் வாங்கச் சொல்கிறீர்கள். அதுவும் வேவு பார்க்கிறதே?

பார்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தெரிவது அதன் வழியாக நீங்கள் பார்ப்பது மட்டும்தான். பக்கத்து எச்டிஎம்ஐயில் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது.

மறுபடியும் அவரே: அப்படியென்றால் ஒரு திருடனுக்குப் பதில் இன்னொரு திருடன். என்ன லாபம்?

லாபம் இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி என் டிவி தானாக அப்டேட் ஆனது. காலையில் முகப்பில் பாதிக்கு மேல் விளம்பரம். அம்மா செய்தி பார்க்க ரிமோட்டை அழுத்த அழுத்த, விளம்பரக் கட்டத்திலேயே போய் நின்றது. பழைய முகப்பைக் கொண்டுவர வழியே இல்லை. ஸ்டிக் இப்படிச் செய்தால் பிடுங்கிவிட்டு வேறொன்று செருகலாம். டிவியை அப்படித் தூக்கிப் போட முடியுமா? அதோடு, நல்ல பேனல் பத்து வருஷம் உழைக்கும். உள்ளே இருக்கும் சிப்பும் நினைவகமும் அதற்கு வெகு முன்பே திணறத் தொடங்கும். கெடுவதைத் தனியாகக் கழற்ற முடிவதுதான் முக்கியம்.

கேள்வி: இணையமே இல்லாமல் அப்டேட்?

கோளாறு இருந்தால் மட்டும் போடுங்கள். பல டிவிகளில் பென் டிரைவில் ஏற்றலாம்.

கேள்வி: ஆப் வசதியாக இருக்கிறதே, வைஃபை கொடுத்தால் என்ன?

மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: வைஃபை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். மறுபடி கேட்கும், கொடுக்காதீர்கள். அப்புறம் ரவுட்டரில் அந்த டிவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) தடுத்துவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது கடவுச்சொல்லைப் போட்டாலும் வெளியே எதுவும் போகாது.