கிளச் மிதிக்கேக்க கீச்செண்டு சத்தம்: கியர் பொக்ஸ இறக்க முதல் இதப் பாருங்க

கேள்வி: அண்ணன், நான் களுவாஞ்சிக்குடி. என்னட்ட இருக்கிறது 2011 மாருதி அல்டோ, 1,30,000 கிலோமீட்டர் ஓடிட்டு, ஒவ்வொரு நாளும் மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய் வாறன். ரெண்டு மாசமா கிளச் மிதிக்கேக்க சில நேரம் கீச்செண்டு சத்தம் வருது, எல்லா நேரமும் இல்ல, விடியக்காலயும் மழை பெஞ்ச அடுத்த நாளும்தான் கூட. கராச்சுக்குக் கொண்டு போனா வராது. ஒரு கராச்சில கிளச் செட் முழுக்க மாத்தோணும், 48,000 முடியும் எண்டாங்க. இன்னொரு ஆள் ஒண்டும் செய்யாது ஓடுங்க எண்டுறார். மாத்தவா விடவா?

பதில்: தங்கச்சி, இப்ப மாத்தாதீங்க. ஆனா ஓடுங்க எண்டு சொன்ன ஆள்ட பேச்சையும் கேக்காதீங்க, சத்தம் எங்க இருந்து வருது எண்டு ரெண்டு பேருமே பாக்கலயே.

முதல் நாளைக்கு விடிய, வண்டிய ஸ்டார்ட் பண்ணாம எஞ்சின் ஒஃப்ல வச்சு, கண்ணாடியெல்லாம் மூடிப்போட்டு, கிளச்ச மெதுவா பத்துத்தரம் மிதிச்சு மிதிச்சு விடுங்க. கீச் எண்டு வந்தா ரிலீஸ் பேரிங் (கிளச் மிதிக்கேக்க உள்ளுக்க போய் அமத்தி பிளேட்ட விடுவிக்கிற பேரிங்) இல்ல, ஏனெண்டா எஞ்சின் சுத்தாம அந்த பேரிங் சுத்தாது. அப்ப சத்தம் பெடல் புஷ்ல (பெடல் அசையிற இடத்தில போட்டிருக்கிற சின்ன வளையம்) இருந்தோ, பெடல் ஸ்பிரிங்ல இருந்தோ, கேபிள்ல இருந்தோ, இல்லாட்டி கியர் பொக்ஸ்ல கேபிள் வந்து மாட்டுற லீவர் இருக்கே, அந்த ஷாப்ட் புஷ்ல இருந்தோதான் வரும். அல்டோக்கு கேபிள் கிளச்தானே, பெடல்ல இருந்து போகுற வயர் நேர போய் அந்த லீவர இழுக்கும், நடுவில ஒயில் ஒண்டும் இல்ல. நம்மட கடக்கர ஊருகள்ல ராவு முழுக்க உப்புக்காத்து அடிக்கிறதால வயர்ர நுனி, ஸ்பிரிங் எல்லாம் கறள் பிடிக்கும், காலையில ஈரத்தோட கீச்செண்டும், வெயில் ஏறி எல்லாம் காஞ்சாப்பிறகு சத்தம் போயிரும். நீங்க சொல்ற மழைக்கு அடுத்த நாள் கதை எனக்கு இந்தப் பக்கமாத்தான் தெரியுது.

ஒரு ஆள பெடல மிதிக்கச் சொல்லிப்போட்டு நீங்க போனட்ட திறந்து (எஞ்சின் ஒஃப்லதான்) கேபிள்ர மேல கைய வைங்க. சத்தம் கேபிள்ல எண்டா விரலுக்குள்ள கரகரண்டு தெரியும், பெடல்ல எண்டா காலடியிலதான் கேக்கும். எனக்கு இது அனுபவத்தில வந்த புத்தி. எங்கட பழைய வேன்ல இதே சத்தத்துக்கு கியர் பொக்ஸ இறக்கி செட் முழுக்க மாத்தி, ரெண்டு நாள் வேலையும் போய், சாவிய வாங்கி கராச் கேட்டுக்கு வெளிய எடுக்க முதல் அதே கீச். பிறகு வேற ஒரு பாஸ் காலடியில படுத்துப் பாத்திட்டு, பெடல்ல ஒரு பிளாஸ்டிக் புஷ் தேஞ்சு வெள்ளத்தூளா கொட்டியிருந்தத விரல்ல எடுத்துக் காட்டினார், நகத்தளவு சாமான். அண்டைக்கு எனக்கு வந்த கோவம் இப்பவும் ஆறல, அதாலதான் யார் கேட்டாலும் முதல் பாருங்க, பிறகு இறக்குங்க எண்டு சொல்றது.

எஞ்சின் ஒஃப்ல சத்தம் வரலயா? அப்ப ஸ்டார்ட் பண்ணி, ஹேண்ட் பிறேக் இழுத்து, நியூட்ரல்ல வச்சு, பெடல்ல கால மெதுவா பாரம் ஏத்துங்க. கொஞ்சம் மிதிபட்ட உடனயே கீச்செண்டு தொடங்கி, முழுக்க மிதிக்கேக்க சத்தம் மாறினா அது ரிலீஸ் பேரிங். அதுக்கு நேர்மாறா, கால் எடுத்திருக்கேக்க ஊஊ எண்டு கேட்டு, மிதிச்சா நிண்டா, அது கியர் பொக்ஸுக்குள்ள இன்புட் ஷாப்ட் பேரிங், அதுக்கு கிளச் செட் மாத்தி பிரயோசனமில்ல. மிதிக்கிறதுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லாட்டி ஃபேன் பெல்ட்ட பாருங்க, ஈரமான காலையில அதுவும் இதே மாதிரி கத்தும். ஏசி போட்டா மட்டும் வந்தா ஏசி கொம்பிரசர் பக்கம்.

கிளச் பிளேட் தேஞ்சிருக்கா எண்டது வேற கேள்வி, கீச் சத்தத்த வச்சு அதச் சொல்ல ஏலாது. தேஞ்ச பிளேட் வழுக்கும். நம்மட மட்டக்களப்பில ஏத்தம் எங்க இருக்கு, அதால நாலாம் கியர்ல போய்க்கிட்டிருக்கேக்க பஸ்ஸ முந்த எக்ஸிலேட்டர அமத்திப் பாருங்க. எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாட்டி பிளேட் முடிஞ்சிது. அப்படியில்லாம நல்லா இழுத்தா உங்கட 48,000 பத்திரம்.

ரிலீஸ் பேரிங்தான் எண்டு உறுதியானா நான் மாறிச் சொல்லுவன். அதுக்கு எப்பிடியும் கியர் பொக்ஸ இறக்கத்தான் வேணும், கூலியில பாதி அதுக்குத்தானே போகுது, அதால பிளேட், அத அமத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பேரிங் மூண்டையும் ஒரே தரத்தில மாத்துங்க, அந்த ஷாப்ட் புஷ்ஷையும் மாத்தச் சொல்லுங்க. பேரிங்க மட்டும் மாத்தி ஆறு மாசத்தில பிளேட் போனா திரும்பவும் அதே கூலி. கேபிள் எண்டா கேபிள் மட்டும், அது சின்ன வேலை, மாத்தினாப்பிறகு பெடல் பிறீ பிளே (கிளச் பிடிக்க முதல் பெடல் சும்மா இறங்குற தூரம்) சரியா வைக்கச் சொல்லுங்க. காத்தான்குடி மெயின் ரோட்டில ஈச்ச மரங்களுக்குப் பக்கத்தில ஊர்ந்து போகேக்க கிளச் மேல கால வச்சபடியே இருக்கிற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க, பேரிங் சும்மா சுத்தித் தேயும்.

சில பேர் கியர் பொக்ஸ் ஓட்டைக்குள்ளால ஒயில் ஸ்பிரே அடிச்சு சத்தத்த நிப்பாட்டித் தாறன் எண்டுவாங்க, விடவே விடாதீங்க, பிளேட்ல ஒயில் பட்டா நல்ல பிளேட்டும் வழுக்கும்.

காசு விசயம். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திறந்தாங்க, அதால பழைய கார வச்சிருக்கிறவங்களுக்கு ஒவ்வொரு பாட்ஸ்உம் பெறுமதி, ரீகண்டிஷனா புதுசா எண்டு முதலே கேளுங்க, கழட்டின பழைய சாமான கையில தரச் சொல்லுங்க. பாட்ஸுக்கும் கூலிக்கும் தனித்தனியா பில் கேளுங்க. 2003ம் ஆண்டு 9ம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி கேட்டா பில் குடுக்கோணும், இல்லையெண்டா அந்தச் சபைட 1977 நம்பருக்கு கோல் எடுக்கலாம்.

பாத்திட்டு எழுதுங்க. கேபிள்தான் எண்டா கார்த்திகை மழைக்கு முதல் மாத்திருங்க, அது அறுந்தா கியர் போடவும் ஏலாம, வெள்ளம் ஏறின ரோட்டில நடுவில நிண்டு போகும்.