மண்ணடி வீட்டில் அண்ணன் பங்கை வெளியாள் வாங்கினால்?

கேள்வி: சென்னை மண்ணடியில் எங்கள் வீடு நூறு வருடப் பழசு. திண்ணை, முற்றம், தேக்கு உத்திரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 1968-இல் அப்பா கிரயம் வாங்கியது. உயில் எழுதாமலே காலமானார், அம்மாவும் இல்லை. தம்பியும் நானும்தான் குடியிருக்கிறோம். அண்ணன் தன் பங்கை விற்க ஒரு வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். அந்த வியாபாரி வீட்டை இடித்துவிட்டு குடோன் கட்டப்போகிறாராம். பாரம்பரிய வீடு என்று சொல்லித் தடுக்கலாமா?

பதில்: அதை மட்டும் நம்பாதீர்கள், சகோதரி. 1892-இல் எழுந்த ஹைகோர்ட் கோபுரங்களையும் 1940-இன் டேர் ஹவுஸ் கட்டிடத்தையும் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பின்னால் இருக்கும் சந்துகளில் திண்ணை வீடும், மரப் பால்கனி வைத்த வீடும், வளைந்த சிமென்ட் முகப்பும் ஒட்டி ஒட்டி நிற்கின்றனவே, எனக்கு அதுதான் ஜார்ஜ் டவுன். ஆனால் பழசு என்பதாலேயே சட்டம் ஒரு வீட்டைக் காப்பாற்றாது. அரசின் பாரம்பரியப் பட்டியலில் அது இருக்க வேண்டும். சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) விசாரியுங்கள்.

உங்கள் பலம் பங்கில் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 22-இன்படி, அண்ணன் பங்கை முதலில் வாங்கும் உரிமை உங்களுக்கும் தம்பிக்கும்தான். விலை ஒத்துவரவில்லை என்றால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். இன்னும் பத்திரம் பதியவில்லை அல்லவா? அண்ணனுக்கும் அந்த வியாபாரிக்கும் இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

மீறிப் பதிந்துவிட்டாலும், பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் வெளியாள் உங்களோடு வந்து குடியேற முடியாது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 44 அதைத் தடுக்கிறது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் பிரிவு 4-இன்படி அந்தப் பங்கை நீதிமன்ற மதிப்பீட்டில் நீங்களே வாங்கலாம். பணம் தயாராக இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

தம்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரிக்க முடியாத வீட்டை விற்றுப் பணமாகப் பங்கிடச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்க, அதே பாகப்பிரிவினைச் சட்டம் பிரிவு 2-இன்படி பாதியாவது பங்கு வேண்டும். அண்ணன் பங்கு மூன்றில் ஒன்று. தம்பியும் அந்தப் பக்கம் சாய்ந்தால் மூன்றில் இரண்டு ஆகிவிடும்.

அப்புறம், மூலப்பத்திரத்தில் நான்கெல்லை விவரத்தைப் படியுங்கள். டவுனில் பல வீடுகளுக்குப் பொதுச்சுவர். பக்கத்து வீட்டு உத்திரமும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தால் இடிப்பதை அவர்களும் எதிர்க்கலாம். பங்குதாரர்களான உங்கள் சம்மதம் இல்லாமல் இடிக்கவோ கட்டவோ அனுமதி தரக்கூடாது என்று மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.