பிளம்ஸ் வெடித்ததா, சிதறியதா?

'வெடித்தன' என்பதே சரி. "கொடைக்கானல் தோட்டத்தில் மழைக்குப் பிறகு பிளம்ஸ் பழங்கள் சிதறின" என்று நீங்கள் எழுதியதைப் படித்தால், பழம் துண்டு துண்டாகத் தரையில் கிடப்பதாகத் தோன்றும். உங்கள் பழமோ தோல் கிழிந்து கிளையிலேயே இருக்கிறது.

அகராதியில் வெடி, பிள, தெறி, சிதறு எல்லாம் ஒரே வரிசையில் இருப்பதால் குழம்பியிருப்பீர்கள். அவை ஒரே செயலின் வெவ்வேறு கட்டங்கள். இலவங்காயை நினைத்துப் பாருங்கள்: காய் வெடிக்கும், ஓடு பிளக்கும், பஞ்சு சிதறும். கிளி ஏமாந்தது அந்தக் கடைசி வினையால்தான்!

எழுதும் முன் ஒன்று கேட்டுப் பாருங்கள்: பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறதா? இருந்தால் வெடித்தது. இரண்டாக விலகியிருந்தால் பிளந்தது. துண்டுகள் நாலாபக்கமும் போயிருந்தால் சிதறியது. வேகமாகத் துள்ளிப் பாய்ந்தால் தெறித்தது, கடுகு தாளிக்கும்போது எண்ணெய் தெறிப்பதுபோல.

ஆனால் 'வெடி' என்ற வினைக்கு ஓசை கட்டாயமில்லை. காய்ந்த நிலமும் பனிக்காலத்துக் குதிகாலும் சத்தமில்லாமல்தான் வெடிக்கின்றன. பட்டாசை மட்டும் நினைப்பவர்களுக்காகத் 'தோல்' என்பதைச் சேர்க்கலாம்; ஆனால் 'தோல் வெடித்தன' என்று எழுதிவிடாதீர்கள், தோல் ஒருமை, வெடித்தன பன்மை. 'பழங்கள் தோல் வெடித்திருந்தன' என்றால் தெளிவு.