நடுநிசியிலும் வெயில் அடிக்கும் நாட்டில் எதற்கு நேர மாற்றம்?

கேள்வி: பின்லாந்தில் கோடையில் ராத்திரியே இருட்டாதாம். அங்கே போய் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதும் அக்டோபரில் பின்னே இழுப்பதும் எதற்கு? விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பின்லாந்துக்காரர்களும் இதையேதான் கேட்கிறார்கள். 2017-ல் 70,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டு நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்கள். ஆனால் தனியாக விட முடியாது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி உறுப்பு நாடுகள் எல்லாமே அந்த இரு மாதங்களின் கடைசி ஞாயிறன்று ஒரே நொடியில் மாற்றியாக வேண்டும். 2019-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 'ஒழிப்போம்' என்று வாக்களித்தது. அமைச்சர்கள் குழுவில் கோப்பு தூங்குகிறது.

ஏனென்றால், எந்த நேரத்தில் நிற்பது என்பதில்தான் வம்பே. கோடை நேரத்தை நிரந்தரமாக்கினால் டிசம்பர் கடைசியில் ஹெல்சிங்கியில் காலை 9.24-க்கு வரும் சூரியன் 10.24-க்கு வரும், குழந்தைகள் முதல் பாடவேளையை இருட்டில்தான் முடிப்பார்கள். குளிர்கால நேரத்தை வைத்துக்கொண்டால் ஜூனில் விடியற்காலை மூன்று மணிக்கு முன்பே ஜன்னலில் வெயில். வடகோடி உட்ஸ்யோக்கியில் மட்டும் உங்கள் கட்சி ஜெயிக்கும்: அங்கே வாரக்கணக்கில் சூரியன் உதிப்பதில்லை, வாரக்கணக்கில் மறைவதுமில்லை, முள் எங்கே இருந்தால் என்ன!

அடுத்த தலைவலி ஸ்வீடன். பின்லாந்தின் டோர்னியோவும் ஸ்வீடனின் ஹபரண்டாவும் ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். எப்போதும் ஒரு மணி வித்தியாசம். பின்லாந்து கோடை நேரத்தையும் ஸ்வீடன் குளிர்கால நேரத்தையும் பிடித்துக்கொண்டால் அது இரண்டு மணியாகும். மாறிப் பிடித்தால் வித்தியாசமே இராது. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர் எதை நம்பி ஷிப்ட் போடுவார்?

அக்டோபரில் கடிகாரத்தைப் பின்னே இழுக்கும் ராத்திரியில் 3 முதல் 4 மணி வரை இரண்டு முறை வரும். இரவு ரயில்கள் ஒரு ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் சும்மா நின்று கால அட்டவணைக்குள் திரும்புகின்றன. மருத்துவமனைப் பதிவேட்டில் வெறுமனே '3.20' என்று எழுதினால் எந்த 3.20 என்று தெரியாது; கோடை நேரமா, குளிர்கால நேரமா என்று சேர்த்து எழுத வேண்டும்.

அந்த ஊர் அலுவலகத்தோடு மீட்டிங் வைப்பவர்களுக்கு: மாற்றம் நிகழ்வது நம் நேரப்படி ஞாயிறு காலை 6.30. ஹெல்சிங்கி காலை 10 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு 1.30, கோடையில் 12.30. காலண்டரில் '+2' (உலகப் பொது நேரமான UTC-யைவிட இரண்டு மணி முன்னே) என்று போடாதீர்கள், 'ஹெல்சிங்கி' என்று ஊரைத் தேர்ந்தெடுங்கள். '+2' மார்ச்சுக்குப் பிறகு ஒரு மணி தவறு. கூட்டத்தில் அமெரிக்காவும் இருந்தால் இன்னும் கவனம்: அவர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறே மாற்றிவிடுவார்கள், நடுவில் இரண்டு, மூன்று வாரம் வழக்கமான கணக்கு எதுவும் பொருந்தாது.